பிள்ளைகளுடன் நீண்ட தூரக் கடலோரச் சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொள்ளலாமா?

பத்து வயதுப் பிள்ளையும் அறுபதைக் கடந்த பெரியவரும் உள்ள ஒரு குடும்பம் நூறு கிலோமீற்றர் அளவிலான கடலோரச் சைக்கிள் ஓட்டத்தில் சேர்வது சரிதானா, எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால், எல்லோரும் முழுத் தூரத்தையும் ஓடி முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலிலேயே கைவிட்டுவிட வேண்டும்.

நாங்கள் கலந்துகொண்ட ஓட்டம் திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் சென்று திரும்புவது. ஒரு வழித் தூரம் ஏறக்குறைய 55 கிலோமீற்றர். விரும்பிய இடத்தில் திரும்புவதற்கு ஏற்பாட்டாளர்கள் இடமளித்திருந்தார்கள். எனவே மகன் தன் மாமாவுடன் நிலாவெளியில் திரும்பினான். மனைவியும் பதினான்கு வயது மகளும் குச்சவெளியில் திரும்பினார்கள். அப்பாவும் நானும் மட்டும் கடைசிவரை சென்றோம். நிலாவெளி வரையான 16 கிலோமீற்றரும் மகனே முன்னால் ஓடினான். அவனுடைய வேகமே எல்லோருடைய வேகமும். வலுவுள்ளவர் முன்னே சென்றால் பின்னால் வருபவர் மூச்சு வாங்குவது அவருக்குத் தெரியாது. பின்னால் வருபவரும், குறிப்பாகப் பிள்ளைகள், தாமாகச் சொல்ல மாட்டார்கள். அதனால் வலுக் குறைந்தவர் முன்னும், அனுபவமுள்ளவர் கடைசியிலும் ஓடுவதே குடும்பத்துக்குப் பொருந்தும் ஒழுங்கு. வேலைக்காலம் முழுவதும் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்த அப்பா, பேரனை ஓரிடத்திலும் முந்தாமல் அவனுக்குப் பின்னால் அமைதியாக ஓடிவந்ததைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

எங்கள் கரையில் மேடு பள்ளம் பெரிதாக இல்லை. காற்றையும் வெயிலையும் பற்றியே யோசிக்க வேண்டும். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று வீதி பெரும்பாலும் வடமேற்கு நோக்கிச் செல்கிறது. தை, மாசி மாதங்களில் வீசும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், போகும்போது சற்று எதிர்த்தாலும், உடல் களைத்துத் திரும்பும் வேளையில் ஓரளவு துணை செய்கிறது. வைகாசி தொடக்கம் வீசும் கச்சான் காற்று இதற்கு நேர்மாறானது. தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வரும் அந்த வறண்ட காற்று, போகும்போது இடப்புறமிருந்து அடித்து நம்மை வீதியின் நடுப்பக்கம் தள்ளும். திரும்பும்போது வலப்புறமிருந்து அடித்து, மணல் படிந்த தார் விளிம்புக்குத் தள்ளும். அப்போது ஒரு பேருந்து நம்மைக் கடந்தால், அது காற்றை மறைக்கும் அந்த நொடியில் சைக்கிள் வலப்பக்கம் சாயும். பேருந்து போனவுடன் காற்று மீண்டும் ஓங்கி அடிக்கும். பெரியவர்கள் இதைச் சமாளித்துவிடலாம்; எடை குறைந்த பிள்ளைகளுக்கு இது உண்மையான ஆபத்து. ஆகையால் கச்சான் காலத்தில் நடக்கும் ஓட்டம் என்றால், எவ்வளவு ஆசைப்பட்டாலும் சிறு பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இறக்கக்கண்டிப் பாலம் போன்ற வெளியான இடங்களில் எந்த மாதத்திலும் ஒருவர் பின் ஒருவராக, ஒரு சைக்கிள் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டே ஓடுங்கள். தெற்கே கிண்ணியா, மூதூர்ப் பக்கம் செல்லும் ஓட்டங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது. அங்கே காற்றுக்கு ஒரு மறைப்பும் கிடையாது. முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு நான் வடக்கு வழியையே சொல்வேன்.

வெயிலுக்கு ஒரே மருந்து, விடியுமுன் புறப்படுவதுதான். அந்த நேரத்தில் மாடுகள் தார் வீதியின் சூட்டுக்காக நடுவிலேயே படுத்திருக்கும் என்பதால், முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாத சைக்கிளை வரிசையில் சேர்க்காதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வீதியில் இருக்கக் கூடாது என்று நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கேற்பவே அவர்கள் திரும்பும் இடங்களைத் தீர்மானித்தோம். தாகம் எடுத்த பின்பு குடிப்பது பிந்திய செயல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடிக்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரையே ஓயாமல் குடித்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. எங்களிடம் உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் இருந்தது. வழியில் இளநீரும் கிடைத்தது. முதல்நாள் இரவு வழக்கமான சோறு, காலையில் இடியப்பம் அல்லது வாழைப்பழம் போதும். ஓட்டத்தன்று புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

பயிற்சிக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஒவ்வொரு வார இறுதியிலும் தூரத்தைச் சிறிது கூட்டி, ஒவ்வொருவரும் தாம் ஓடப்போகும் தூரத்தில் முக்கால் பங்கையாவது முன்பே ஓடிப் பார்த்திருந்தால் போதுமானது.

புதுச் சைக்கிள் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை, அப்பா ஓடியது அவருடைய பழைய லுமாலா சைக்கிளில்தான். இருக்கையின் உயரத்தை மட்டும் சரிபாருங்கள்: குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிள்ளைகளின் இருக்கை பெரும்பாலும் மிகத் தாழ்வாகவே இருக்கும்; அதனால்தான் முழங்கால் நோகிறது. நெருஞ்சி முள் குத்தினால் மாற்ற ஒரு ரியூப்பும், காற்றடிக்கும் பம்பும் கடைசியில் வருபவரிடம் இருக்கட்டும். வீடு திரும்பிய அன்றே சைக்கிள்களை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துணியால் துடைத்து உலரவிட்டு எண்ணெய் போட்டுவிடுங்கள். கடற்காற்றின் உப்புப் படிந்த செயினை நாட்கணக்கில் அப்படியே விட்டால் துருப்பிடித்துவிடும்.