காபியைக் குடித்தவன்

அன்புள்ள சார்,

முன்பு எதையோ எழுதும்போது போகிற போக்கில் 'ஸ்போர்லோஸ்' என்ற டச்சுப் படத்தைச் சொல்லியிருந்தீர்கள். தேடிப்பிடித்துப் பார்த்தேன். அன்றைக்குத் தூக்கம் போச்சு. அதே கதை 1993-ல் ஹாலிவுட்டில் 'தி வானிஷிங்' என்று வந்திருப்பது பிறகு தெரிந்து, அதையும் பார்த்தேன். எரிச்சல்தான் மிச்சம். இயக்கியது யார் என்று பார்த்தால் அதே ஆள்! ஹாலிவுட் கை பட்டால் எந்த நல்ல த்ரில்லரும் உருப்படாதா? மூல நாவலை விட்டு விலகுவதால்தான் இப்படி ஆகிறதா? இன்னொன்று, என் மனைவிக்கும் பார்க்க ஆசை. நாவலைப் படிக்கச் சொல்வதா, படத்தைக் காட்டுவதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இந்தப் படங்களை இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத எனக்கு வழி தெரியவில்லை.

'ஸ்போர்லோஸ்' படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு நண்பனின் அறையில், யாரோ பதிவு செய்து கொடுத்த டிஸ்க்கில். கதாநாயகன் ரெக்ஸ் கண் விழிக்கிறான், லைட்டரைப் பற்ற வைக்கிறான், சவப்பெட்டிக்குள் உயிரோடு புதைக்கப்பட்டிருக்கிறோம் என்று தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் படம் முடிந்துவிட்டது. நண்பன் நம்பவில்லை. "டிஸ்க்ல இன்னும் இருக்கும், தள்ளிப் பாரு" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். ஹாலிவுட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ரிமோட் ஞாபகம் வரும். அவன் தேடிய மிச்சத்தைத்தான் ஐந்து வருஷம் கழித்து அதே இயக்குநர் ஜார்ஜ் ஸ்லைசர் அமெரிக்காவில் எடுத்துக் கொடுத்தார்.

படத்துக்கு மூலமான டிம் க்ராபேயின் நாவல் 1984-ல் வந்தது. டச்சுத் தலைப்புக்குப் 'பொன் முட்டை' என்று பொருள். நூறு பக்கத்தை ஒட்டிய சின்னப் புத்தகம். க்ராபே சதுரங்க ஆட்டக்காரர், சைக்கிள் பந்தயக்காரரும்கூட. அந்தக் கணக்குப் புத்தி நாவலில் தெரியும். 1988 படத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். டச்சு ஜோடி ஒன்று விடுமுறைக்குப் பிரான்ஸ் போகிறது. நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போன சாஸ்கியா திரும்பி வரவில்லை. மூன்று வருஷமாக ரெக்ஸ் தேடுகிறான். கடத்தியவன் யார் என்பதைப் படம் மறைப்பதே இல்லை. ரேமோன் லெமோர்ன், வேதியியல் ஆசிரியர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். குளோரோஃபார்மை முதலில் தன் மேலேயே போட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம் மயக்கம் நிற்கிறது என்று பார்க்கிறான். கார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே உட்காரவைப்பதை ஒத்திகை பார்க்கிறான், பிறகு தன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்கிறான். கிராமத்து வீட்டில் சிலந்தியைப் பார்த்து மகள் அலறினால், எல்லோரையும் சேர்ந்து கத்தச் சொல்லி விளையாட்டாக்குகிறான். சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டதா என்று அப்புறம் விசாரித்துக்கொள்கிறான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கத்துகிற அந்த இடம் எனக்குச் சவப்பெட்டியைவிடக் கலக்கமாக இருக்கிறது.

சாஸ்கியா ஏன் அவன் காரில் ஏறினாள்? அவன் சாவிக்கொத்தில் 'ஆர்' என்ற எழுத்து தொங்குகிறது. ரெக்ஸுக்கு அதே மாதிரி ஒன்று வாங்கித் தர அவளுக்கு ஆசை. நான் இதைத்தான் விற்கிறேன், வண்டியில் இருக்கிறது என்கிறான். கற்றுக்கொண்டிருக்கும் பிரெஞ்சில் ஒரு அந்நியனிடம் பேசிப் பார்க்கிற சந்தோஷம் வேறு அவளுக்கு. காதலனுக்கு ஒரு பரிசு வாங்கலாம் என்று போனவள், அவ்வளவுதான்.

இனி காபிக்கு வருகிறேன். மூன்று வருஷம் கழித்து லெமோர்ன் அதே பெட்ரோல் நிலையத்துக்கு ரெக்ஸைக் கூட்டி வந்து, மயக்க மருந்து கலந்த காபியை நீட்டுகிறான். அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமா, குடி. வேண்டாமென்றால் போய்க்கொண்டே இரு. ரெக்ஸ் இருட்டில் ஓடுகிறான், சுற்றிச் சுற்றி வருகிறான். அங்கே ஒரு மரத்தடியில் அவனும் சாஸ்கியாவும் சேர்ந்து புதைத்த இரண்டு நாணயங்கள் இருக்கின்றன. அதையும் தோண்டிப் பார்க்கிறான். பிறகு வந்து குடிக்கிறான். யாரும் அவன் வாயில் ஊற்றவில்லை. தெரியாமல் வாழ்வதைவிடத் தெரிந்துகொண்டு சாவது மேல் என்று அவனே எடுக்கிற முடிவு அது. அந்தக் காபிக்கு அவன் கொடுத்த விலை உயிர்.

ரீமேக்கிலும் இதெல்லாம் இருக்கிறது. நாயகனாக வரும் கீஃபர் சதர்லேண்ட் காபியைக் குடிக்கிறார், மண்ணுக்குள் கண் விழிக்கிறார். ஆனால் புதுக் காதலி வந்து தோண்டி எடுத்துவிடுகிறாள். கடத்தியவனாக வரும் ஜெஃப் பிரிட்ஜஸ் மண்வெட்டியால் அடிபட்டுச் சாகிறார். கடைசியில் உணவகத்தில் காபி வருகிறது, வேண்டாம் என்கிறார்கள், நாம் சிரிக்க வேண்டும். கொடுத்த விலையை எண்ணித் திருப்பிக் கையில் வைத்துவிட்டார்கள். மூன்று வருஷம் ஒருவனை அரித்த கேள்வி கடைசியில் ஒரு காபி ஜோக்கில் முடிகிறது. இவ்வளவுக்கும் கெட்ட நடிகர்கள் என்று ஒருவரும் இல்லை. பிரிட்ஜஸ் வேறு உச்சரிப்பில் என்னவோ செய்துகொண்டிருக்கிறார், அதை விடுங்கள்.

சரி, நாவலை விட்டு விலகியதால்தான் இப்படியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. க்ளூஸோவின் 'லே டியாபொலிக்' (1955) பிரெஞ்சுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ப்வாலோவும் நார்ஸ்ஜாக்கும் சேர்ந்து 1952-ல் எழுதிய நாவல் அது. அதில் கணவனும் அவன் காதலியும் சேர்ந்து மனைவியைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். கடைசியில் பார்த்தால் பெண்கள் இருவரும் சேர்ந்து விரித்த வலையில் விழுந்தவன் கணவன். க்ளூஸோ இதை அப்படியே புரட்டிப்போட்டார். படத்தில் மனைவியும் காதலியும் சேர்ந்து கணவனைக் கொல்கிறார்கள், மாட்டிக்கொள்பவள் இதயம் பலவீனமான மனைவி. இதைவிடப் பெரிய துரோகம் நாவலுக்கு என்ன செய்ய முடியும்? ஆனாலும் குளியல் தொட்டியிலிருந்து பிணம் எழுகிற காட்சியில் இன்றைக்கும் கை சில்லிடுகிறது. ஆளை மாற்றினாரே தவிர, பயந்தே சாகிறவளைக் காப்பாற்ற க்ளூஸோ ஓடிவரவில்லை. ஷாரன் ஸ்டோனும் இசபெல் அஜானியும் நடித்த 1996 ரீமேக்கில் மனைவி பிழைத்துக்கொள்கிறாள். அந்தப் படத்தை நான் பாதியில் தூங்கி, எழுந்து, முடித்தேன்.

எதுவுமே உருப்படாதா என்றால், அதுவும் இல்லை. ஸ்வீடனின் லிண்ட்க்விஸ்ட் நாவலிலிருந்து வந்த 'லெட் தி ரைட் ஒன் இன்' படத்தை (2008) மேட் ரீவ்ஸ் 2010-ல் 'லெட் மி இன்' என்று எடுத்தார். பனியும் தனிமையும் கெடாமல் நியூ மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோயிருந்தார். மூலத்துக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன், ஆனால் மரியாதையான படம்.

சில கதைகளில் முடிச்சு மொழிக்குள்ளேயே விழுந்திருக்கும். எதுவார்தோ சாச்சேரியின் நாவலிலிருந்து கம்பனெல்லா எடுத்த 'தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்' என்ற அர்ஜென்டினப் படம் (2009) வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதில் நாயகனாக வரும் ரிக்கார்தோ தாரின் தூக்கக் கலக்கத்தில் 'தெமோ' என்று கிறுக்கி வைக்கிறார், ஸ்பானிஷில் 'பயப்படுகிறேன்' என்று பொருள். அவருடைய பழைய தட்டச்சு இயந்திரத்தில் 'அ' விழாது. கடைசியில் அந்த 'அ'வைக் கையால் நடுவில் எழுதுகிறார். 'தே அமோ', உன்னைக் காதலிக்கிறேன். இருபத்தைந்து வருஷம் வாய் திறக்காத ஒருவன் ஒரே எழுத்தில் பேசிவிடுகிறான். 2015-ல் ஜூலியா ராபர்ட்ஸையும் நிக்கோல் கிட்மனையும் வைத்து ஆங்கிலத்தில் எடுத்தார்கள். கால்பந்து போய் பேஸ்பால் வந்தது, எழுபதுகளின் அர்ஜென்டின அரசியலுக்குப் பதிலாக செப்டம்பர் 11-க்குப் பிந்தைய உளவு வேலை. அதெல்லாம் நியாயமான மாற்றம்தான். ஆனால் அந்த 'அ'வை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உங்கள் மனைவிக்கு டச்சுப் படத்தையே காட்டுங்கள். நாவலைப் பிறகு படிக்கட்டும், ஒரு மதியம் போதும், ஆங்கில மொழிபெயர்ப்பும் 'தி வானிஷிங்' என்ற பெயரிலேயே இருக்கிறது. எதையும் முன்கூட்டிச் சொல்லிவைக்காதீர்கள், குறிப்பாக முடிவை. படம் முடிந்ததும் நீங்களே ஒரு காபி போட்டுக் கொண்டுபோய் நீட்டுங்கள். குடிக்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.