கட்டை எனக்கு, கூலி வேண்டாம்

(நாகர்கோவில் வட்டாரத்தில் 31 வருடம் மரம் இறக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டின் பின்புறம் 20 அடிக்கு 12 அடி இடம்தான். அதில் 40 அடி உயர மாமரம், மாமனார் வைத்தது. வேர் செப்டிக் டேங்க்கின் சுவரைப் பிளந்துவிட்டது. இரண்டு முறை பூசியும் பயனில்லை. மனசில்லாமல்தான் எடுக்க முடிவு செய்தோம். ஒரு பக்கம் அடுத்த வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இன்னொரு பக்கம் எங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பி. தெருவுக்குப் போக 3 அடி சந்து. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கட்டையை நான் எடுத்துக்கறேன், கூலி வேண்டாம், அரை நாள்ல முடிச்சிடலாம்" என்கிறார். சம்மதிக்கலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வேண்டாம் அம்மா. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். மாங்கட்டை நீளமாக இருந்தால் பலகை அறுக்கப் போகும். துண்டு துண்டாக இருந்தால் விறகு விலைதான். கட்டையை நம்பி வருபவருக்கு நீளம் வேண்டும். உங்கள் இடத்துக்கோ குட்டைத் துண்டுதான் ஆகும். இரண்டும் ஒத்துப்போகாது.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன். முப்பது வயது இருக்கும், ஒரு பலாமரம். பலாக்கட்டைக்கு எங்கள் பக்கம் எப்போதும் கிராக்கி. ஆசைப்பட்டு ஆறடித் துண்டாக அறுத்துக் கயிற்றில் விட்டேன். அது ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டம் ஆடி, அடுத்த வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் மோதி, தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. கட்டை விற்ற காசும் போச்சு, மேலே கைக்காசும் போச்சு. ஆளுக்கு ஒன்றும் ஆகாததுதான் என் அதிர்ஷ்டம்.

எடையைச் சொன்னால் புரியும். ஒன்றரை அடிக் குறுக்களவும் 3 அடி நீளமும் உள்ள பச்சை மாங்கட்டை 130 முதல் 150 கிலோ வரும். ஆறடி என்றால் 300 கிலோவை நெருங்கும். அதுவும் கயிறு தளர்வாக இருந்து, துண்டு இரண்டடி விழுந்த பிறகு வெடுக்கென்று பிடித்தால், கயிற்றிலும் மரத்திலும் விழும் பாரம் அதைப்போலப் பல மடங்கு. அதனால் உங்கள் மரத்தில் பருமனான இடங்களில் இரண்டடித் துண்டுக்கு மேல் யாரும் அறுக்கக் கூடாது. இன்னொன்று, அந்த 3 அடிச் சந்து வழியாக இரண்டு பேர் கம்பு கட்டித் தூக்கிப் போக முடிகிற துண்டு எதுவோ, அதுதான் சரியான துண்டு. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அளப்பது மரத்தை அல்ல, சந்தைத்தான்.

தினக்கூலிக்கோ மொத்தக் கூலிக்கோ ஆள் பிடியுங்கள். கட்டை உங்களுடையதாகவே இருக்கட்டும். என்ன உடைந்தால் யார் பொறுப்பு, மிலாறையும் (சின்னச் சின்னக் கிளைகள்) தழையையும் யார் அள்ளுவது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குப்பை அள்ளுவதில்தான் கடைசியில் சண்டை வரும்.

வேலைக்கு ஒரு வாரம் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அன்றைக்கு அந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டு மெயினை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மெயினுக்கு வெளியே, கம்பத்திலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் அதை அப்படியே ஆளுக்குக் கடத்தும்.

ஏறுவதற்கு முன் முசுறு, அதாவது இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டிக் கடிக்கும் சிவப்பு எறும்பு, இருக்கிறதா என்று பாருங்கள். மாமரத்தில் இல்லாமல் இருக்காது. முப்பதடி உயரத்தில், கையில் மெஷின் ரம்பத்தோடு இருப்பவன் கழுத்தில் முசுறு ஏறினால் அவன் எந்தக் கையை விடுவான்? இலைக்கூடுகளை முந்தின நாளே தொரட்டியால் அறுத்துத் தள்ளிவிட வேண்டும். மாங்காய்ப் பால் தோலைப் புண்ணாக்கும். முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் கட்டாயம்.

கீழே இருந்து மேலே போகும் வரிசையில் கிளைகளைக் கழிக்க வேண்டும். கீழ்க்கிளை இருந்தால் மேலே வெட்டியது அதில் தொங்கிக்கொள்ளும். எந்தக் கிளைக்கும் முதலில் அடியில் ஒரு கீறல், அப்புறம்தான் மேலிருந்து அறுப்பு. இல்லாவிட்டால் பாதியில் பட்டையோடு கிழிந்து ஏறியவன் பக்கமே திரும்பும். ஆஸ்பெஸ்டாஸ் பக்கக் கிளைகளை மேல்கவையில் (மேலே கிளை பிரியும் இடத்தில்) வடம் போட்டுத்தான் இறக்க வேண்டும். வடத்தின் மறுமுனையை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி ஒருவர் பிடித்தால் போதும்; பாரத்தை மரமே தாங்கும். வடத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்பவனைக் கண்டால் உடனே வேலையை நிறுத்துங்கள். கிணற்றடியில் கிடந்த பழைய தேங்காய்நார்க் கயிறு இதற்கு ஆகாது.

ஏறுபவருக்கு இடுப்பில் பட்டை வேண்டும். அறுக்கும்போது இரண்டு கட்டு இருக்க வேண்டும், ஏனென்றால் ரம்பம் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் இன்னொன்று பிடிக்கும். ஒற்றைக் கையில் ரம்பம் ஓட்டுவது சாமர்த்தியம் இல்லை. செப்டிக் டேங்க் மூடிமேல் ஒரு துண்டுகூட விழக் கூடாது. சுற்றி மணல் மூட்டையும் பழைய டயரும் அடுக்குங்கள். அரை நாள் இல்லை அம்மா, குறைந்தது இரண்டு நாள்.

கேள்வி: கொல்லையில் 50 அடித் தென்னை. அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் நீர் கசிகிறது, மட்டைகள் தொங்கிவிட்டன. வழக்கமாக ஏறுபவர் "நான் ஏற மாட்டேன்" என்கிறார். அதிகக் கூலி கேட்பதற்கான சாக்கா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அவரை வையாதீர்கள், கும்பிடுங்கள். நீங்கள் சொல்வது தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளம். 1952-இல் உங்கள் மாவட்டத்தில் முதலில் தெரிய வந்ததால் அந்தப் பெயர். கனோடெர்மா என்ற பூஞ்சை வேரையும் தூரையும் உள்ளே மக்க வைக்கிறது. மேலே மரம் நிமிர்ந்துதான் நிற்கும். காலில் தளைக்கயிறு போட்டு ஒருவர் ஏறி, உச்சியில் கொண்டையை வெட்டும் அதிர்வில் அடியோடு சாயலாம்.

விழுவதற்கு மரத்தின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான வெற்றிடம் ஒரு திசையில் இருந்தால், தரையில் நின்றே வடம் கட்டி இழுத்துச் சாய்க்கலாம். கொல்லையில் அது இருக்காது. அப்போது தெருவில் கிரேனை நிறுத்தி, ஆள் நிற்கும் தொட்டியில் இருந்தபடி மேலிருந்து மூன்று மூன்றடியாக இறக்க வேண்டும். செலவுதான். ஆனால் மரத்தை நம்பி ஆளைத் தொங்கவிட முடியாது.

எடுத்த பிறகு தூரையும் வேரையும் தோண்டி எரித்துவிடுங்கள். தண்டைக் கொல்லையில் போட்டு வைத்தால் மக்கியதும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். மற்ற தென்னைகளுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வையுங்கள். இந்த மரத்துப் பாத்தித் தண்ணீர் அந்த மரங்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டா நிலத்தில் உள்ள மரம். யாரிடம் அனுமதி?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் ஊரில் பட்டா போதாது. மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்து, கையில் தாள் வந்த பிறகு ரம்பத்தை எடுங்கள். சந்தனம், தோதகத்தி (ஈட்டி மரம்) என்றால் சமவெளியிலும் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் பெரிய கிளை எங்கள் மாடிமேல் நிற்கிறது. சொன்னால் கோபப்படுகிறார்.
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: "மரத்தை எடுங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள். "அந்த ஒரு கிளையைக் கழிக்கலாம், பாதிக் கூலி நான் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் வேலை பார்த்த இப்படிப்பட்ட வீடுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு பேச்சில் முடிந்தது. மரமே விழும் நிலை என்றால் புகைப்படத்தோடு கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆபத்தான மரத்தை எடுக்கவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. வேம்பு கழித்த இடத்தில் மறுபடியும் கொத்தாகத் துளிர்க்கும். இரண்டு வருடம் கழித்து அதே பாதிக் கூலியை எடுத்து வையுங்கள்.