மாதம் 12,000 மிஞ்சுகிறது, 2.2 லட்சம் கட்டணப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: மகன் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வருடக் கட்டணம் 55,000 ரூபாய். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறான். பரிசோதனையில் டிஸ்லெக்ஸியா என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஸ்பெஷல் எஜுகேட்டர் வாரம் 2 பீரியட் தனியாகச் சொல்லித் தருவாராம். அங்கே கட்டணம் 2,20,000, சேரும்போது 50,000 நன்கொடை. வீட்டுக்கு அருகிலேயே ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் வகுப்புக்கு 600 ரூபாய் கேட்கிறார். ஈஎம்ஐ, வீட்டுச் செலவு, இப்போதைய கட்டணம் எல்லாம் போக மாதம் 12,000 மிஞ்சும். அதில் 5,000 மகளின் செல்வமகள் கணக்குக்குப் போகிறது. நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர்.
- ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: நகையில் கை வைக்காதீர்கள். அடகுப் பணம் ஒரு வருடக் கட்டணத்துக்கு வரும். அடுத்த ஜூனில் மறுபடி கட்டணம் வரும், கூடவே வட்டியும்.

புதிய பள்ளிக்கு வருடத்துக்கு 1,65,000 ரூபாய் கூடுதல், அதாவது மாதம் 13,750. உங்களிடம் மிஞ்சுவதே 12,000. முதல் வருடமே துண்டு விழுகிறது. கட்டணம் ஆண்டுக்கு 10% ஏறுவதாக வைத்தால், நான்காம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மொத்தம் சுமார் 30 லட்சம். பிளஸ் டூவில் மட்டும் 4.7 லட்சம். இப்போதைய பள்ளியில் அதே கணக்குக்கு ஏழரை லட்சம்தான். ஏழாம் வகுப்பில் பணம் போதாமல் பிள்ளையை வெளியே எடுக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. புது டீச்சர், புது நோட்டு, புது நண்பர்கள் என்று மறுபடி தொடங்குவது இந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு கஷ்டம்.

சரி, கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? வாரம் 2 பீரியட் என்றால் வருடத்துக்கு 80 என்று வையுங்கள். ஒரு பீரியடுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு அருகில் இருப்பவர் 600 கேட்கிறார். வாரம் 3 வகுப்பு வைத்தாலும் மாதம் 7,200தான். உங்கள் மகனுக்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பழக்கும் நேரம். அந்த நேரம் எங்கே அதிகம் கிடைக்கிறதோ அங்கே செலவழியுங்கள். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று மட்டும் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

செல்வமகளை நிறுத்த வேண்டாம், இரண்டு வருடத்துக்கு மாதம் 1,000 ஆகக் குறையுங்கள். ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். 12,000-இல் வகுப்புக்கு 7,200, செல்வமகளுக்கு 1,000 போக மீதி 3,800 அவசரச் செலவுக்கு ஆர்டியில் போகட்டும். இப்போது பையனுக்குச் செலவழித்துவிட்டு, அவன் தேறிய பிறகு மகளுக்குக் கூட்டிப் போடலாம்.

அந்த 50,000 நன்கொடை பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கைக்கு நன்கொடை வாங்கக் கூடாது. வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. ஸ்பெஷல் எஜுகேட்டரைக் காட்டிக் கூடுதல் கட்டணம் கேட்பதும் எனக்கு உறுத்துகிறது. சிபிஎஸ்இ இணைப்பு விதிகளே அப்படி ஒருவரை நியமிக்கச் சொல்கின்றன.

இப்போதைய பள்ளியிடமும் தயங்காமல் பேசுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. அதைச் சீக்கிரம் கண்டறிந்து, கற்பிக்கும் முறையை மாற்றும் கடமை அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு உண்டு. அறிக்கையின் நகலைக் கொடுத்து, முன் பெஞ்சில் இடம், போர்டில் இருப்பதைக் காப்பி எடுக்க அவகாசம், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இவற்றுக்குப் பள்ளி காசு செலவழிக்க வேண்டியதில்லை. மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகின்றன, அதையும் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நோட்டில் சிவப்பு மையில் 'கவனமில்லை', 'சோம்பேறி' என்றே எழுதி அனுப்பினால், அப்புறம் அங்கே வைத்திருக்காதீர்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் உங்கள் உச்ச வரம்பு வருடத்துக்கு 80,000 ரூபாய். சின்ன வகுப்புகள் உள்ள பள்ளியாகத் தேடுங்கள். காலை 11 மணிக்குப் போய், தனிப் பயிற்சி அறையில் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 'இந்தப் பிள்ளைக்கு இந்த வருடம் என்ன திட்டம்' என்று கேட்டால் தாளில் எழுதித் தருகிறார்களா என்றும் பாருங்கள்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பழைய வரி முறையில் இருந்தால் டியூஷன் கட்டணம் மட்டும் 1.5 லட்ச வரம்புக்குள் கழியும், புதிய முறையில் அதுவும் கிடையாது. ஊனமுற்ற சார்ந்தோருக்கான கழிவு டிஸ்லெக்ஸியாவுக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் காட்டிய பிறகே கேட்டுப் பெறுங்கள்.

பரிசோதனை அறிக்கையோடு நிற்காமல், அரசு மருத்துவமனை வழியாகக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கும் இந்தக் கோடை விடுமுறையிலேயே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகளைக் கேட்கும்போது சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.