கைரல் ஆனயான் (இடது கை, வலது கை மாதிரி வடிவம் இருக்கற மைனஸ் அயனி) கேட்டலிஸ்ட்ல ஒட்டவே இல்ல, பக்கத்துல சும்மாதான் நிக்குது, அப்புறம் எப்படி ஒரு எனான்ஷியோமர் (கண்ணாடி பிம்பம் மாதிரியான ஜோடில ஒண்ணு) மட்டும் அதிகமா வருதுன்னுதானே கேக்கறீங்க?

"சும்மா நிக்குது"ன்னு நினைக்கிறதுலதான் சிக்கலே. எனக்கும் ரொம்ப நாள் இதே குழப்பம்.

2006ல பெஞ்சமின் லிஸ்ட் குரூப் பண்ணத எடுத்துக்கங்க. மார்ஃபோலின்னு ஒரு சாதா அமீன், அதுக்கு இடது வலதுன்னு எதுவுமே கிடையாது. அது ஆல்டிஹைடோட சேர்ந்து இமினியம் கேட்டயான் (பிளஸ் அயனி) ஆகுது, அதுக்கு ஜோடியா ட்ரிப்னு சொல்ற பைனால் பாஸ்பேட் ஆனயான், அதுல ரெண்டு பக்கமும் டிரைஐசோப்ரொப்பைல்ஃபீனைல் செவுரு மாதிரி நிக்கும், ஹான்ட்ஷ் எஸ்டர்னு ஒரு ரீஏஜென்ட் ஹைட்ரைட (மைனஸ் சார்ஜ் உள்ள ஹைட்ரஜன) கொண்டு வரும்போது ஒரு பக்கம்தான் வழி கிடைக்கும், அவ்ளோதான். எலுமிச்சம்புல் எண்ணெய்ல இருக்குமே சிட்ரால், அதையே இப்படி சிட்ரோனெல்லாலா மாத்தி 90% ஈஈ (ஒரு எனான்ஷியோமர் இன்னொண்ண விட எவ்ளோ அதிகம்ங்கற கணக்கு) எடுத்தாங்க. கைரல் சமாச்சாரம் மொத்தமும் ஆனயான்லதான்.

ஆனா பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டி நின்னாதான் இந்த வித்தை பலிக்கும். 2007ல டோஸ்ட் குரூப் கோல்ட் கேட்டலிஸ்ட்ல அல்லீன (அடுத்தடுத்து ரெண்டு டபுள் பாண்ட் இருக்கற மாலிக்யூல) ரிங்கா மூடினாங்க, அதே ட்ரிப் ஆனயான்தான், பென்சீன்ல 97% ஈஈ, நைட்ரோமீத்தேன்ல போட்டா வெறும் 18. நைட்ரோமீத்தேன் மாதிரி போலார் சால்வென்ட் நடுவுல புகுந்து ஜோடிய பிரிச்சுடுது, ஆனயான் தூரமா போனப்புறம் அது கைரலா இருந்தா என்ன இல்லாட்டி என்ன. என்னைக் கேட்டா எந்தப் படத்தையும் விட இந்த ரெண்டு நம்பர்தான் உங்க கேள்விக்கு சரியான பதில்.

ஒரு விஷயம், நான் பட்டது. இந்த மாதிரி ஆனயானக் குடுக்கற கைரல் பாஸ்பாரிக் ஆசிட்ட சுத்தம் பண்ண சிலிக்கா காலம்ல (சிலிக்கா நிரப்பின குழாய்ல) ஓட்டி, என்எம்ஆர் அழகா இருக்கேன்னு அப்படியே ரியாக்‌ஷன்ல போட்டேன். எச்பிஎல்சில (எனான்ஷியோமர்கள பிரிச்சு அளக்கற மெஷின்ல) ரெண்டு பீக்கும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரம், அதாவது ஈஈ சைபர். ரெண்டு வாரம் சால்வென்ட மாத்தி, டெம்பரேச்சர குறைச்சு, மாலிகுலர் சீவ் மேல பழியப் போட்டு என்னென்னமோ பண்ணேன். கடைசில சீனியர் அக்கா வந்து "ஆசிட் வாஷ் குடுத்தியாடா?"ன்னு ஒரே கேள்வி. சிலிக்கால இருக்கற கால்சியத்த பாஸ்பேட் புடிச்சுக்கும், கைல இருக்கறது ஆசிட்டே இல்ல, கால்சியம் சால்ட், அது தனி கேட்டலிஸ்டாவே வேற மாதிரி வேலை பண்ணும். இஷிஹாரா குரூப் 2010லயே இத எழுதிட்டாங்க, நான்தான் படிக்கல.

நீங்க ஆசிட்ட சிலிக்கா காலம்ல ஓட்டினா டைகுளோரோமீத்தேன்ல கரைச்சு எச்சிஎல் விட்டு நல்லா குலுக்கி எடுத்துட்டு அப்புறம் வெயிட் போடுங்க.