தலைக்காயத்துக்குக் கஞ்சா எண்ணெய் மருந்தாகுமா?

கேள்வி: கனடாவில் படிக்கும் என் மகன் பல்கலைக்கழக ரக்பி அணியில் ஆடுகிறான். சென்ற மாதம் எதிரணி வீரரின் தோள் இடித்ததில் சில நொடிகள் நினைவு தடுமாறியது. தலைவலி இன்னும் விடவில்லை. இரவில் நாக்குக்கு அடியில், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் விட்டுக்கொள்ளும்படி நண்பர்கள் சொல்கிறார்களாம். "அமெரிக்கக் கால்பந்துக்காரர்களே இதை ஆராயப் பணம் கொடுத்திருக்கிறார்கள், பயப்படாதே அம்மா" என்கிறான். நம்பலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பும் அதன் வீரர் சங்கமும் 2022 பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்கும் கனடாவின் ரெஜைனா பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து 10 லட்சம் டாலர் ஒதுக்கின. ஆனால் விடை தெரியாததால்தான் ஆராய்கிறார்கள்.

இந்த நம்பிக்கை வெறும் கற்பனையன்று. கஞ்சாவின் வேதிப்பொருள்களை ஒத்தவற்றை நம் உடலே சுரக்கிறது. 1992-இல் கண்டறியப்பட்ட முதல் பொருளுக்கு, நமக்குப் பழகிய 'ஆனந்தம்' என்ற சொல்லைக்கொண்டே 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். இவ்வகையைச் சேர்ந்த வேறொரு பொருளை, தலையில் அடிபட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது மூளை வீக்கம் குறைந்ததாக 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும், கன்னபினாய்டு எனப்படும் இக்கஞ்சா வேதிப்பொருள் வகையில் செயற்கையாக உருவாக்கிய டெக்சனபினால் என்ற மருந்தை, கடும் தலைக்காயமுற்ற 861 பேரிடம் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டபோது, ஆறு மாதம் கழித்தும் வெற்று மருந்து பெற்றவர்களைவிட அதைப் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியிருக்கவில்லை. உங்கள் மகனுடைய காயம் அத்தனை கடுமையானதன்று, மருந்தும் வேறுதான். என்றாலும் எலியிடம் பலித்தது மனிதரிடம் பலிக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

குப்பியில் இருப்பது என்ன என்பதும் கேள்விக்குரியது. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, 18-இல் போதை தரும் டிஎச்சி கலந்திருந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2018 முதல் சிபிடியைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. டிஎச்சிக்கோ போட்டிக் காலத்தில் தடை தொடர்கிறது. அவ்விதிக்கு உட்பட்ட போட்டிகளில் ஆடும் வீரருக்கு, குப்பியின் மேல் எழுதியிருந்தது பொய் என்பது எளிதில் தப்பிக்கும் வழியாகாது. மேலும், சிபிடி தூக்கக் கலக்கம் தரக்கூடியது. தலையில் அடிபட்டவரிடம் மருத்துவர் கவனித்துப் பார்க்கும் அறிகுறிகளில் ஒன்றே அதுதான். விடுமுறைக்கு வரும்போது அந்தக் குப்பி பெட்டியில் இருக்கவும் கூடாது, ஏனெனில் கனடாவுக்குள் சட்டப்படி வாங்கியதாயினும் எல்லை தாண்டிக் கொண்டுவருவது அந்நாட்டிலேயே குற்றம்.

அவன் மீண்டும் களத்தில் இறங்கிவிட்டானா என்பதை நீங்கள் எழுதவில்லை; முதலில் அதைக் கேளுங்கள். தலைவலி ஒரு மாதமாகத் தொடர்வதால் அவன் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடை, மெல்லோட்டம், மோதலில்லாத பயிற்சி என்று படிப்படியாகத் தேறி, மருத்துவர் அனுமதித்த பிறகே ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி மிக ஆபத்தானது.