புது கான்கிரீட் தரைக்கு எப்போது எபாக்ஸி அடிக்கலாம்?

கேள்வி: கார் நிறுத்த வீட்டு முன்னால் கான்கிரீட் தளம் போட்டுப் பத்து நாள் ஆகிறது. மேலே நன்றாக வெளுத்துவிட்டது, இப்போதே எபாக்ஸி என்ற பிசின் பூச்சை அடிக்கலாம் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம்மா, பொறுங்கள். மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், அது ஆவியாகி மேலே வரும்போது எபாக்ஸி வழி விடாது, அப்புறம் கொப்புளம் கிளம்பி, கார் டயர் பட்ட இடமெல்லாம் உரிந்து வரும். செலவழித்த பணமும் வீண்.

இப்போது பெரும்பாலும் பிபிசி (PPC) என்ற சாம்பல் கலந்த சிமென்ட்தான், அதற்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். உங்கள் ஊர் வெயிலுக்கு 14 நாள் கட்டுங்கள். பிறகு காய விடுங்கள். போட்ட நாளிலிருந்து 28 நாளாவது ஆகட்டும்.

28 நாள் ஆனாலும் சோதிக்காமல் அடிக்காதீர்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர் முத்து நின்றாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

சரி, தளத்துக்கு அடியில் பாலிதீன் விரித்தீர்களா? இல்லையென்றால் மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தரைக்கு எபாக்ஸியைவிட, உள்ளே ஊறி ஆவியை வெளியே விடும் சிலேன் வகை சீலர்தான் நல்லது என்பேன்.

எதை அடித்தாலும் மேலே படிந்த சிமென்ட் பால் மாவை முதலில் மெஷின் வைத்துத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள்.