யோசெமிட்டி கீழ் அருவிக்குக் குடும்பத்தோடு ஒரு சின்ன நடை: கேள்வி பதில்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், யோசெமிட்டி அருவியின் கடைசிப் பகுதியான கீழ் அருவி வரை போய் வரும் நடையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களை அங்கே அடிக்கடி அழைத்துப் போகிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அம்மாவும் அப்பாவும் ஆகஸ்டில் வருகிறார்கள். அப்போது அருவியில் தண்ணீர் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இந்த அருவிக்குத் தண்ணீர் தருவது மேலே மலையில் விழும் பனி. யோசெமிட்டி ஓடை ஓடி வரும் பரப்பு பெரும்பாலும் வெறும் கருங்கல், தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விட அங்கே ஆழமான மண் கிடையாது. பனி உருகும்போது அத்தனையும் கொட்டித் தீர்ந்துவிடும். மே, ஜூனில் அருவிக்கு எதிரே இருக்கும் நடைபாலத்தில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, முகமெல்லாம் சாரல். ஜூலையில் இளைத்துவிடும், ஆகஸ்டில் பல வருடங்களில் பாறை மட்டும்தான் தெரியும். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் அவர்களை மே மாதம் வரச் சொல்லுங்கள்.

ஆகஸ்டுதான் முடியும் என்றால் பிரைடல்வெயில் அருவிக்குப் போங்கள். 188 மீட்டர் உயரம், பாதையும் குட்டைதான், கோடையிலும் மெலிதாகவாவது விழுந்துகொண்டிருக்கும். மெர்செட் ஆறு விழும் வெர்னல் அருவியிலும் வருடம் முழுக்கத் தண்ணீர் உண்டு, ஆனால் அதைத் தூரத்தில் பார்க்கும் பாலம் வரை போவதற்கே 400 அடி ஏற வேண்டும், மூட்டு வலி இருப்பவர்களுக்கு அது சரிப்படாது.

கேள்வி: மாமியாருக்கு முழங்கால் வலி, கையில் ஒன்றரை வயதுக் குழந்தை வேறு. இருவரையும் அழைத்துப் போக முடியுமா?

தாராளமாக. சுற்றி வரும் முழுப் பாதையும் ஒரு மைல்தான், அதாவது 1.6 கிலோமீட்டர். ஏற்றம் மொத்தமே சுமார் 50 அடி. பாதை முழுக்கத் தளம் போட்டது, ஸ்ட்ரோலர் நன்றாக உருளும். வீல்சேர் என்றால் கிழக்குப் பக்கப் பாதையில் போங்கள், அதுதான் அதற்கு ஏற்றது. பூங்காக்காரர்கள் அரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், பெரியவரும் குழந்தையும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள், அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

நடக்க முடிகிறவர்கள் மேற்குப் பக்கமாகத் தொடங்குவதுதான் என் விருப்பம். அந்த வழியில் மரங்களுக்கு நடுவே மேல் அருவியும் கீழ் அருவியும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர் எதிரே தெரியும். படம் எடுக்க வேண்டிய இடமும் அதுதான், பாலத்துக்குப் போய்விட்டால் கேமரா நனைந்துவிடும்.

கேள்வி: யோசெமிட்டி அருவியின் உயரம் 739 மீட்டர் என்று படித்தேன். கீழே நின்று அத்தனையும் பார்க்கலாமா?

அது மூன்று பகுதிகளின் கூட்டல். ஏறத்தாழச் சொன்னால் மேல் அருவி 436 மீட்டர், நடுவில் பாறைகளுக்குள் ஒளிந்து இறங்கும் சிறு அருவிகள் 206, கீழ் அருவி 98. பாலத்திலிருந்து பார்ப்பது கடைசிப் பகுதியை மட்டும். பழங்காலத்தில் பனியாறு, அதாவது மெதுவாக நகரும் பெரும் பனிக்கட்டி, பள்ளத்தாக்கின் தரையை ஆழமாகத் தோண்டிவிட்டுப் போனது, பக்கத்து ஓடைகள் அத்தனை ஆழம் போகாமல் உயரத்திலேயே நின்றுவிட்டன, அதனால்தான் இப்படி விளிம்பிலிருந்து குதிக்கின்றன.

கேள்வி: பாலத்தைத் தாண்டிச் சிலர் பாறைகளில் ஏறி அருவிக்குக் கிட்டே போவதை வீடியோவில் பார்த்தோம். பையனுக்கு ஆறு வயது, அவனும் கேட்கிறான்.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கருங்கற்களைத் தண்ணீர் காலங்காலமாகத் தேய்த்து வழவழவென்று ஆக்கி வைத்திருக்கிறது, காய்ந்திருக்கும்போதே வழுக்கும், சாரல் பட்டால் பெரியவர்களுக்கே பிடிமானம் கிடைக்காது. தண்ணீர் பனியிலிருந்து அப்போதுதான் உருகி வந்தது, விழுந்தால் குளிரில் கை கால் விறைத்து நீந்தத் தெரிந்தவராலும் சமாளிக்க முடியாது. நம் ஊர் அருவிகளில் குளித்துப் பழகியவர்களுக்கு "காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாமே" என்று தோன்றும், நானும் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் மே மாத ஓடையில் அதையும் செய்யாதீர்கள். பாலத்தில் நின்றாலே பையன் தொப்பலாக நனைவான், மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துப் போங்கள், அவனுக்கு அதுவே போதும்.

கேள்வி: எத்தனை மணிக்குப் போக வேண்டும்? பார்க்கிங் கிடைக்குமா?

காலை எட்டுக்குள் பள்ளத்தாக்கில் இருங்கள். அப்புறம் காரை ஓரிடத்தில் போட்டுவிட்டு, அங்கே ஓடும் இலவச ஷட்டில் பஸ்ஸில் ஏறிவிடுங்கள், அருவிப் பாதையின் தொடக்கத்திலேயே நிறுத்தம் இருக்கிறது. கழிவறையும் அங்கேயே, கிளம்பும் முன் எல்லோரையும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். பூங்காவுக்குள் நுழைய முன்பதிவு வேண்டுமா என்ற விதி வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது, தேதி முடிவானதும் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கட்டிக்கொண்டு வரும் சாப்பாட்டைக் காரிலேயே வைக்கலாமா?

பகலில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, வெளியே தெரியாமல் வைக்கலாம். இருட்டிய பிறகு கூடவே கூடாது, கரடி கதவையே பிய்த்துவிடும். தங்குவதாக இருந்தால் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன, பற்பசை, சோப்பு உட்பட மணம் வரும் எதுவானாலும் அதற்குள் போக வேண்டும். அணில்களுக்குக் குழந்தைகள் எதுவும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடித்துவிடும், விதிப்படியும் தவறு.

கேள்வி: ராத்திரியில் வானவில் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வசந்த காலத்தில், அருவி நிறைந்து விழும்போது, முழுநிலவு நாளை ஒட்டி, வானம் தெளிவாக இருந்தால் சாரலில் நிலவொளி பட்டு வில் விழும். கண்ணுக்கு அது வெள்ளைப் பட்டை போலத்தான் இருக்கும், கேமராவை அசையாமல் வைத்து ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்தால் படத்தில் நிறங்கள் வரும். டார்ச் எடுத்துப் போங்கள், அடுத்தவர் கேமராவுக்கு நேரே அடிக்காதீர்கள்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் போகலாமா?

மழையும் பனியும் தொடங்கியிருந்தால் ஓரளவு தண்ணீர் இருக்கும், கூட்டமும் குறைவு. பாதையில் உறைபனி படிந்திருக்கும், பிடிப்புள்ள காலணி கட்டாயம். காருக்கு டயர் சங்கிலி எடுத்துப் போங்கள்.